கோழி நொண்டுகிறதா? முதலில் காலைக் கழுவிப் பாருங்கள்

காலையில் கூட்டைத் திறந்ததும் மற்றவை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஓடிவரும். ஒன்று மட்டும் கடைசியாக, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து வரும். வீட்டில் கோழி வளர்க்கிற எல்லோருக்கும் பழகிய காட்சி இது. நம் கை உடனே மஞ்சள் டப்பாவைத் தேடும். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் சிறுவிடை என்ற நாட்டுக் கோழி இனத்துப் பெட்டை ஒன்று இப்படி நொண்டியபோது, விரல் வீங்கியிருக்கிறது, சுளுக்காகத்தான் இருக்கும் என்று நானே முடிவுகட்டி நான்கு நாள் பத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் அந்தப் பத்தைக் கழுவியபோதுதான் தெரிந்தது, சேறும் மஞ்சளும் அப்பியிருந்த விரலின் அடியில் ஒரு நைலான் நூல் சதைக்குள் புதைந்து கிடந்தது. விரல் நுனி அதற்குள் கறுத்துவிட்டது. முதல் நாளே கழுவிப் பார்த்திருந்தால் அந்த விரல் பிழைத்திருக்கும்.

அதனால் கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பிடியுங்கள், கழுவுங்கள், பாருங்கள். மருந்து அப்புறம்.

பிடிப்பதும் பார்ப்பதும்

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள். அடிபட்ட காலோடு அது ஓடுகிற ஓட்டத்தில் சின்னக் காயம் பெரிதாகிவிடும். இருட்டி, கோழி அடைந்த பிறகு மெதுவாகத் தூக்கினால் சத்தமே போடாது. பழைய துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் டார்ச் பிடித்தால் வேலை பாதியாகும். நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பயத்தில் திமிறுகிறதே என்று இறுக்கிப் பிடித்து, கையிலேயே கோழியைச் சாகவிட்டவர்கள் உண்டு.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு காலையும் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தேய்ந்த பல் துலக்கியால் சேற்றை எடுங்கள். ஒரு கால்தானே பிரச்சினை, இரண்டும் எதற்கு என்றால், நல்ல காலைப் பார்த்தால்தான் கெட்ட கால் புரியும். வீக்கமா இல்லையா, சூடா இல்லையா என்பதெல்லாம் பக்கத்துக் காலோடு ஒப்பிட்டால்தான் தெரியும். உள்ளங்காலில் தொடங்குங்கள். பிறகு விரலிடுக்கு, ஒவ்வொரு நகத்தின் அடி, காலின் செதில்கள், கடைசியாக மேலே கணு மூட்டு. பின்விரலை மறந்துவிடுவோம், நூல் சிக்குவதும் நகம் பிய்வதும் அங்கே நிறைய.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புண்ணில் இருக்கும் கிருமி நம் கையில் உள்ள கீறலுக்கும் வரும்.

கழுவிப் பார்த்தாயிற்று, காலில் ஒன்றுமே இல்லை

இதை முன்னால் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இங்கேதான் நாள்கள் வீணாகும்.

கழுத்து திருகிக்கொண்டு, இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது கால் நோயே இல்லை. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். காலை விட்டுவிட்டு அந்தக் கோழியை உடனே தனியே பிரித்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இரண்டு வார முகாமைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டியபடி வளரும் கோழி ஒன்று படுத்துக் கிடந்தால், நரம்பைத் தாக்கும் மேரக்ஸ் நோயாக இருக்கலாம். இதுவும் தைலம் தேய்த்து ஆறுகிற சங்கதி அல்ல.

முட்டையிடும் பெட்டை, வாலைத் தொங்கப்போட்டு நிமிர்ந்து நின்று, கால் அகட்டி நடந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்புக்குள் நரம்பு அழுத்தப்படும்போது நொண்டுவது போலவே தெரியும்.

இவை எதுவும் இல்லை, தீனி எடுக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்றால் அனேகமாகச் சுளுக்கு. உயரத்திலிருந்து குதித்திருக்கும். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே தீனியும் தண்ணீரும் வைத்து, ஐந்து நாள் மூடி வையுங்கள். இது தவிர வேறு மருத்துவம் தேவைப்படாது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல்: சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் குங்குமமாகச் சிவக்கும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். பத்துப் போட்ட காலைக் கொத்திக் கொத்தியே புண்ணாக்கிவிடும். திறந்த காயத்தில் சுண்ணாம்பு எரிச்சலையும் கொடுக்கும்.

ரத்தம் வடிகிறது, நகம் உடைந்திருக்கிறது

நகத்தின் நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நுனி மட்டும் உடைந்தால் ஒன்றுமில்லை. நடுவோடு உடைந்தால் கூடு முழுக்கத் தெறித்து, கொலை நடந்த இடம் மாதிரி இருக்கும். பதறாதீர்கள், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். ஒன்றரைக் கிலோக் கோழி சுமார் 15 மில்லி, அதாவது மூன்று தேக்கரண்டி ரத்தம் வரை இழந்தால் தாங்கும். அதற்கு மேல் போனால் கொண்டை வெளுக்கும், தலை தொங்கும்.

சுத்தமான துணியால் நகத்தின் நுனியை அழுத்திப் பிடியுங்கள். கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம். நடுவில் எடுத்து எட்டிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிறகு சோள மாவையோ அரிசி மாவையோ கொஞ்சம் மஞ்சளோடு கலந்து நுனியில் அப்பி, இன்னும் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம்தான்.

நகம் பாதி பிய்ந்து தொங்கினால்? இழுத்துப் பிடுங்கத் தோன்றும், வேண்டாம். உடைந்த பகுதி ஒரு நூலிழையில் தொங்கினால் மட்டும் நகவெட்டியால் கத்தரியுங்கள். பாதிக்கு மேல் ஒட்டியிருந்தால் சேர்த்து வைத்துக் கட்டுங்கள். அதுவே அடியில் இருக்கும் சதைக்கு மூடி. சில நேரம் நகத்தின் மேலுறை அப்படியே தொப்பி மாதிரி கழன்று, உள்ளே சிவந்த குச்சி தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். உப்புநீரில் கழுவி, பீட்டாடின் வைத்து, மண் படாமல் ஒரு வாரம் கட்டிவைத்தால் அந்தக் குச்சி காய்ந்து கெட்டியாகும். மேலே புதிய உறை மெதுவாக வளரும், மாதக் கணக்கு ஆகும். கழுவும் உப்புநீருக்கு, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தட்டையாக ஒரு சிறு தேக்கரண்டி உப்பு போதும்.

சேவலின் கால் முள் உடைந்து ரத்தம் வந்தாலும் இதே முறைதான். முள்ளின் உள்ளே எலும்பு இருக்கிறது. நீளமாக வளர்ந்துவிட்டது என்று அடியோடு வெட்டுவதும் முறுக்கி எடுப்பதும் எலும்பை உடைப்பதற்குச் சமம். கூர்நுனியை மட்டும் அரத்தால் ராவிவிடுங்கள்.

கூண்டிலேயே வளரும் கோழிகளுக்கு நகம் தேயாமல் வளைந்துகொண்டு போகும், அதுதான் எங்காவது மாட்டி உடையும். வெள்ளை நகமாக இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்பே வெட்டி நிறுத்துங்கள். கடக்நாத் என்ற கருங்கோழி வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை, அதன் நகமும் கறுப்பு. வெட்டாமல் வாரம் ஒரு முறை கொஞ்சமாக ராவுவதே நல்லது.

விரல் உப்பியிருக்கிறது, நடுவில் ஒரு பள்ளம்

முறுக்கிக் கட்டிய சாக்கு மூட்டையின் வாய் போல, விரலில் ஓர் இடம் மட்டும் ஒடுங்கி, அதற்கு அப்பால் நுனி உப்பியிருக்கும். நூல்தான், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். தையல் நூல், தீவன மூட்டையின் தைப்பு நூல், பட்ட நூல், மீன் வலை இழை, நம் வீட்டுத் தலைமுடி. கோழி நாள் முழுக்கக் கிளறுகிற பிராணி. சிக்கியதை உதறப் பார்த்து இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். ஊறியதும் பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். நுனி வளைந்த சின்னக் கத்தரியும் இடுக்கியும் வேண்டும். நூலை ஊசி முனையால் லேசாகத் தூக்கி ஓரிடத்தில் வெட்டுங்கள், பிறகு ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுங்கள். ஒரு சுற்றுதான் என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. நான் அந்தச் சிறுவிடையின் விரலிலிருந்து எடுத்தது ஏழு சுற்று; எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தபோது ஒரு சாண் நீளம் இருந்தது. முழுதும் வந்துவிட்டதா என்று கழுவி மறுபடி பாருங்கள். மிச்சம் ஓர் இழை இருந்தாலும் வீக்கம் வடியாது.

நூல் போனதும் விரல் சிவந்து சூடாகும். ரத்தம் திரும்பி வருகிறது, நல்லது. பீட்டாடின் தடவி, தினமும் பாருங்கள். மாறாக நுனி கறுத்து, குளிர்ந்து, குச்சி மாதிரி காய்ந்திருந்தால் அது இனித் திரும்பாது. காய்ந்தபடியே இருந்தால் சில நாளில் தானே உதிரும். ஈரமாகி நாற்றம் எடுத்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். ஒரு விரல் இல்லாமல் கோழி நன்றாகவே வாழும். என் சிறுவிடை அதற்குப் பிறகு இரண்டு முறை அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்தது.

காலில் கயிறு கட்டி வளர்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாக வாங்கிய கோழி ஓடிவிடாமல் இருக்கக் கட்டுவது சரி, ஆனால் மெல்லிய கயிறு வேண்டாம். அகலமான துணிப்பட்டையாகக் கட்டி, தினமும் அவிழ்த்துப் பாருங்கள்.

உள்ளங்காலில் கறுப்பாக ஒரு பொருக்கு

நமக்குக் கால் ஆணி வருவதுபோல உள்ளங்காலின் நடுவில் வட்டமாக, கறுத்த, கெட்டியான ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்து பளபளக்கும். பண்ணைக்காரர்கள் பம்பிள்ஃபுட் என்பார்கள். உள்ளங்காலில் முள்ளோ கல்லோ கிழித்த சின்னத் திறப்பு வழியாக ஸ்டைஃபிலோகாக்கஸ் கிருமி புகுந்து செய்கிற வேலை. கடக்நாத்தின் உள்ளங்கால் இருண்ட நிறமாக இருப்பதால் பொருக்கு கண்ணுக்குத் தெரியாது. விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தால் பயறு அளவு கெட்டியாக ஏதோ தட்டுப்படும்.

இதை அழுத்திச் சீழ் எடுக்க முயல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் புண்ணில் சீழ் நீராக ஓடும். கோழிக்கு அப்படி இல்லை; சீழை இளக்கும் நொதி அதன் வெள்ளணுக்களில் கிடையாது. அதனால் அது உள்ளேயே இறுகி, பிழிந்த பனீர் மாதிரி, மஞ்சள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்துவிடும். எவ்வளவு பிதுக்கினாலும் வராது. பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழமாகத்தான் போகும். மாத்திரை மட்டும் கொடுத்தாலும் அந்தக் கட்டிக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது.

எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பொருக்கு இல்லை, தோல் மட்டும் சிவந்து மழமழவென்று இருக்கிறது என்றால் மருந்தே வேண்டாம், தரையை மாற்றினால் போதும். பொருக்கு இருக்கிறது, ஆனால் வீக்கம் கம்மி, கோழி நடக்கிறது, தின்கிறது என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். பாதத்தின் மேற்புறம், விரல்களுக்கு நடுவில் பந்து போல வீங்கிவிட்டது, தொட்டால் சுடுகிறது, கோழி உட்கார்ந்தே இருக்கிறது என்றால் கிருமி எலும்பையும் மூட்டையும் தொட்டிருக்கலாம். அது மருத்துவர் வேலை.

வீட்டு வைத்தியம் இப்படி. ஒரு அகலமான பாத்திரத்தில் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீர், இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு. மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பெயரே சொல்கிறதே, கோழி அந்த நீரைக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் நிற்கவைத்தால் பொருக்கின் ஓரம் வெளுத்துத் தூக்கும். காஸ் துணியால் சுற்றிச் சுற்றித் தேயுங்கள்; தானாகக் கழன்று வந்தால் எடுங்கள். பெரும்பாலும் பொருக்கோடு சேர்ந்து உள்ளே இருக்கும் கட்டியும் காளான் தண்டு மாதிரி வரும். வரவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பீட்டாடினை, பால் ஊற்றாத இளந்தேநீரின் நிறத்துக்கு நீர்த்து அதில் கழுவி, களிம்பு வைத்துக் கட்டி, மறுநாள் மறுபடி ஊறவையுங்கள். மூன்று நாளில் வருவதை ஒரே நாளில் எடுக்கப் பார்க்காதீர்கள்.

பிளேடால் தோண்டி எடுக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. என் கருத்து, வேண்டாம். உள்ளங்காலில் தோலுக்குக் கீழே சதை கொஞ்சம்தான். உடனே நாண், உடனே எலும்பு. மயக்க மருந்து இல்லாமல் உயிருள்ள பிராணியின் காலைக் குடைவது கொடுமை என்பது ஒரு பக்கம், நாண் அறுந்தால் அந்த விரல் நிரந்தரமாக மடங்காது என்பது இன்னொரு பக்கம்.

வலிக்குமே என்று நம் வீட்டு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் வேண்டாம். டைக்ளோஃபினாக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாடுகளுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மரத்துப்போக வைக்கும் களிம்புகளையும் கேட்காமல் தடவக் கூடாது. கால்நடை மருத்துவர் கிருமிக்கொல்லி ஊசி போட்டால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர்களாகச் சொல்ல மறந்துவிடுவதுண்டு. மருந்தகத்துக்குப் போக வழியில்லாதவர்கள் கால்நடை உதவி எண்ணான 1962-ஐ அழைத்துக் கேட்கலாம்.

இது ஆறினாலும் திரும்பத் திரும்ப வரும், காரணம் கூட்டில் இருந்தால். எடை கூடிய வனராஜா, கிரிராஜா மாதிரிக் கோழிகளுக்கு உயரமான பரண் ஆகாது. ஐந்தடியிலிருந்து தினமும் காலையில் சிமெண்டுத் தரையில் தொப்பென்று குதித்தால் எந்தக் கால் தாங்கும்? ஒன்றரை அடி, மிஞ்சிப்போனால் இரண்டு அடி. கட்டை இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுங்கி, சிலாம்பு இல்லாமல் இருக்க வேண்டும். தரையில் உமியோ கடலைத் தோலோ நான்கு விரல்கடை போட்டு, தண்ணீர்ப் பானையைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவே தோலை அரிக்கும். சீமைக் கருவேலச் சுள்ளியைக் கொண்டு கோழிக்கு வேலி அடைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் கோழிகளின் கால்களே சொல்லும். தீனியில் வெறும் குருணை மட்டும் இருந்தால் தோல் எளிதில் வெடிக்கும். முருங்கைக்கீரை, அகத்தி, கிடைத்தால் நீரில் மிதந்து வளரும் அசோலா என்று தினமும் ஏதாவது பச்சை போடுங்கள்.

செதில்கள் தூக்கிக்கொண்டு, கால் தடித்துத் தெரிகிறது

நல்ல காலில் செதில்கள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி படிந்திருக்கும். இங்கே அந்த ஓடுகளுக்கு அடியிலிருந்து யாரோ தள்ளுவது போல ஒவ்வொன்றும் எழும்பி, இடையில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். உண்மையில் தள்ளுகிறார்கள்தான். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் செதிலுக்குக் கீழே குடைந்து குடியிருக்கின்றன. மெதுவாகப் பரவும், வயதான கோழிக்கு அதிகம், அடைக்கோழியிடமிருந்து குஞ்சுக்கு ஒட்டும்.

சோப்பு நீரில் மென்மையாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, முட்டிவரை தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து நன்றாகத் தடவுங்கள். எண்ணெய் செதிலுக்கு அடியில் இறங்க வேண்டும். அதில்தான் உண்ணி மூச்சு முட்டிச் சாகும். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை, மொத்தம் ஒரு மாதம். முட்டைகள் பொரிந்து புதிது புதிதாக வருவதால் ஒரு வாரத்தில் நிறுத்தினால் பயனில்லை. தூக்கிய செதிலை நகத்தால் பெயர்க்காதீர்கள், பச்சைப் புண்ணாகும். மண்ணெண்ணெயும் வண்டி ஆயிலும் தடவுகிறவர்கள் உண்டு. உண்ணி சாகும், தோலும் சேர்ந்து வேகும். பழைய தோற்றம் திரும்பப் பல மாதம் ஆகும், அதற்குப் பயப்பட வேண்டாம். முற்றியிருந்தால் மருத்துவர் ஐவர்மெக்டின் தருவார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு எண்ணெய் தடவாதீர்கள். காலிலிருந்து முட்டையில் படும், ஓட்டில் உள்ள நுண்துளைகள் அடைபடும், உள்ளே கரு மூச்சுக்காற்று இல்லாமல் சாகும். எனக்கு இது ஒரு பெரியம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் ஒன்பது முட்டை கூழான பிறகு.

காலோடு கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மரு மாதிரிப் பொருக்குகள் இருந்தால் அது கோழி அம்மை. வழி வேறு.

குஞ்சுகளின் கால்

பெரிய கோழியின் கணக்கு இங்கே செல்லாது. பொரித்த முதல் சில நாள்தான் கையில் இருக்கும் நேரம்.

இரண்டு காலும் பக்கவாட்டில் அகன்று, தவளை மாதிரி கிடந்தால் காரணம் பெரும்பாலும் வழுக்கும் தரை. செய்தித்தாள் விரித்திருப்போம். எடுத்துவிட்டுச் சாக்கோ சொரசொரப்பான துணியோ போடுங்கள். ஒட்டும் பட்டையை மெல்லியதாக வெட்டி, இரண்டு காலையும் இயல்பாக நிற்கும் இடைவெளியில் விலங்கு போட்டது போல இணைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் நிற்கப் பழகிவிடும். விரல் மட்டும் கோணலாக இருந்தால், அட்டையை வாத்துக்கால் வடிவில் வெட்டி, விரல்களை அதில் நேராக வைத்து மைக்ரோபோர் டேப்பால் ஒட்டுங்கள்.

விரல்கள் எல்லாம் உள்பக்கமாகக் கைப்பிடி போல மடங்கி, குஞ்சு கணுவை ஊன்றி நகர்ந்தால் பி2 வைட்டமின் போதவில்லை. கட்டுப் போட்டுப் பயனில்லை. தண்ணீரில் கலக்கும் பி காம்ப்ளக்ஸ் மருந்து, தயிர், பொடியாக நறுக்கிய கீரை. இரண்டொரு நாளில் தொடங்கினால் திரும்பும். நரம்பு கெட்டுப்போன பிறகு திரும்பாது.

விரல் நுனியில் எச்சமும் மண்ணும் சேர்ந்து கல் மாதிரி உருண்டை கட்டியிருந்தால் உடைத்து இழுக்காதீர்கள், நகமும் கூடவே வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டுக் கரையவிட்டு, குஞ்சை உலர்த்திச் சூட்டில் விடுங்கள்.

காலையில் பார்த்தால் விரல் நுனியைக் காணோம்

சண்டை, மாட்டிக்கொண்டது என்று காரணம் தேட வேண்டாம். எலி. அல்லது பெருச்சாளி. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கடித்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். காயத்தைக் கழுவிக் கட்டுவது பத்து நிமிட வேலை. எலி வரும் ஓட்டையை அடைக்காவிட்டால் நாளை இரவு அடுத்த விரல். அறுகோணக் கண் உள்ள கோழி வலை எலியைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண் வலை வேண்டும், தரைக்குள்ளும் ஒரு முழம் இறக்குங்கள்.

கொப்புளம், வெந்த தோல்

கோழிக்குச் சாம்பலில் புரளப் பிடிக்கும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினால் உள்ளே கங்கு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, கூட்டைக் கழுவி ஈரத்தோடு சுண்ணாம்புத் தூளைத் தூவுவது; நீறாத சுண்ணாம்பு ஈரத்தில் காலைப் பொசுக்கிவிடும். வெள்ளையடித்தால் இரண்டு நாள் காயவிட்டு, மேலே உமி போட்ட பிறகே கோழியை விடுங்கள்.

சுண்ணாம்பு என்றால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு ஓடும் நீரில் நிறைய நேரம் கழுவுங்கள். நெருப்பு என்றால் நேராகக் குளிர்ந்த நீர், பத்து நிமிடம். பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

புண்ணில் ஏதோ நெளிகிறது

மழைக்காலத்தில் ஒரு நாள் பார்க்காமல் விட்டால் ஈ முட்டையிட்டுவிடும். நாற்றம்தான் முதல் அறிகுறி. உப்புநீரைப் பீய்ச்சி அடித்து, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுங்கள். குழிக்குள் ஒளிந்திருப்பவை சிறிது நேரம் கழித்து மேலே வரும், அதற்கும் காத்திருங்கள். சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி, கோழியைப் பழைய கொசுவலைக்குள் வைத்தால் ஈ அண்டாது. ஆழமாகக் குடைந்திருந்தால் மருத்துவர்.

கட்டுப் போடுவதும் திரும்பக் கூட்டத்தில் விடுவதும்

சின்னச் சதுரமாகக் காஸ் துணி, அதைப் புண்ணின் மேல் வைத்து, அரை அங்குலப் பட்டையாகக் கிழித்த மைக்ரோபோர் டேப்பை விரல்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாக விட்டு, கணுவுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி முடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ உப்பியோ இருந்தால் கட்டு இறுக்கம், அவிழ்த்து மறுபடி போடுங்கள். நூல் செய்த வேலையை நம் கட்டும் செய்துவிடக் கூடாது. நனைந்த கட்டு புண்ணை அழுகவைக்கும், நனைந்ததும் மாற்றுங்கள். முதல் நாள் கோழி தலையைச் சாய்த்துக் கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று முறை கொத்திப் பார்க்கும், பிறகு மறந்துவிடும்.

ஒரு வாரம் பிரித்து வைத்த கோழியைப் பகலில் நேராகக் கூட்டத்தில் விட்டால், புது ஆள் என்று மற்றவை அடித்துத் தள்ளும். ஆறிய கால் மறுபடி கிழியும். அதனால் பஞ்சாரத்தை முதலிலிருந்தே மற்றக் கோழிகள் மேயும் இடத்திலேயே வையுங்கள், முகம் மறக்காது. கட்டு அவிழ்ந்த அன்று, இருட்டி எல்லாம் அடைந்த பிறகு, பரணில் பழைய இடத்தில் அதைக் கொண்டுபோய் உட்காரவையுங்கள். காலையில் எல்லாம் ஒன்றாகவே இறங்கும்.